புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்மாய்க்கரையை ஏன் மூடுகிறீர்கள்?

பள்ளி நூலகங்களுக்குச் சூழலியல் நூல்களைத் தேர்ந்தெடுத்த குழுவினருக்கும், சுற்றுச்சூழல் மன்றச் செயல்பாட்டுக் கையேட்டை வகுத்தவர்களுக்கும்,

இந்தக் கல்வியாண்டில் உங்களிடமிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு வந்தன. ஒன்று, இயற்கையையும் பூமியைக் காப்பதையும் பற்றிய சிறுவர் நூல்கள் கொண்ட ஒரு கட்டு. இன்னொன்று, மன்றப் பிள்ளைகளை வளாகத்தைத் தாண்டி அழைத்துப் போகக் கூடாது, செயல்பாடுகளை உள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுறுத்தல். இரண்டையும் தனித்தனியாகப் பேசலாம். ஆனால் இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இயற்கை எங்கோ தொலைவில் இருக்கிறது, பிள்ளைகள் அதைத் தாளில் பார்த்தால் போதும் என்ற எண்ணம். அதை என்னால் பேசாமல் ஏற்க முடியவில்லை.

நான் இருப்பது மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஊர் ஒன்றில். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். அதற்குப் பிறகும் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை, எனவே சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வாசிப்பு நடக்கிறது. பள்ளியின் மன்றப் பொறுப்பாசிரியரும் நானும் சேர்ந்து பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம். அவரால் இந்த மடலை எழுத முடியாது. நான் உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை, எழுதலாம்.

நூல்களை எடுத்துக்கொள்கிறேன். படங்கள் அழகாக இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஒரு துண்டுப் பனிக்கட்டியில் தனியாக நிற்கும் துருவக் கரடி, வயிற்றில் பிளாஸ்டிக் நிறைந்த திமிங்கிலம், அமேசான் காட்டு ஜாகுவார், வாயில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு கண்ணீர் விடும் பூமி உருண்டை. துருவக் கரடியைப் பற்றி எங்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பென்குயின் நூலைத் திண்ணையில் சண்டை போட்டுத்தான் வாங்கிப் படித்தார்கள். ஆனால் கட்டு முழுவதையும் புரட்டியும் ஒரு கண்மாய் இல்லை. ஒரு பனைமரம் இல்லை, அது நம் மாநில மரம். மரகதப் புறா இல்லை, வரையாடு இல்லை, 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தோமே தமிழ் மறவன், அதுவும் இல்லை. மாநிலச் சின்னங்களையே விட்டுவிட்ட பட்டியலில் ஓணானையும் குழியானையையும் தேடுவது பேராசைதான்.

இதைவிட என்னை உறுத்தியது அந்த நூல்களின் கடைசிப் பக்கம். பூமியைக் காப்பாற்ற நீ என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல். பல் துலக்கும்போது குழாயை மூடு. ஷவரில் குறைந்த நேரம் குளி. ஏசியின் குளிரைக் குறைத்து வை. காரில் போகாமல் சைக்கிளில் போ. குப்பையை மூன்று நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடு. எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. அதைக் குடத்தில் பிடித்துக்கொண்டு வருவதே பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்த ஒரு பையன், "அப்போ நாம ஏற்கெனவே காப்பாத்திட்டோமா அக்கா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நூல் சொன்ன கணக்குப்படி சரியான கேள்விதான். ஏசியும் காரும் இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் ஏசியைக் குறைக்கச் சொல்லும் நூல், அந்தப் பிள்ளையிடம் பேசவே இல்லை. அது வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறது, இவன் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறான்.

போகிற போக்கில் இன்னொன்று. பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்லும் நூல் உட்பட ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. உறைகளையெல்லாம் பிள்ளைகள்தான் பிரித்தார்கள்.

சரி, எங்கள் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அந்தக் குன்றுகளில் இருக்கின்றன. பாறைக்குள் சுனைகள், குன்றுகளைச் சுற்றிக் கண்மாய்கள், குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழி எழுத்துக் கல்வெட்டு எல்லாம் ஒரே ஊரில். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7 அன்று மதுரை தல்லாகுளம் வரை சனம் திரண்டு போனது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய அரசு அறிவித்தது.

அந்த மூன்று மாதங்களும் எங்கள் பிள்ளைகள் இதன் நடுவில்தான் இருந்தார்கள். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம், கிராம சபையில் தீர்மானம், கடையடைப்பு, வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இதே பேச்சு. டங்ஸ்டன் என்றால் என்ன, குண்டு பல்புக்குள் இருக்கிற அந்தக் கம்பியா? மலையைத் தோண்டினால் சுனைத் தண்ணீர் எங்கே போகும்? வல்லூறு வேறு மலைக்குப் போய்விடாதா? இப்படிக் கேள்விகள். பதில் சொல்ல என்னிடம் செய்தித்தாள் நறுக்குகள் மட்டும் இருந்தன. ஒரு பருந்தினப் பறவைக்குச் செங்குத்துப் பாறை ஏன் வேண்டும், பாறையில் விழும் மழை எப்படிச் சுனையாகிறது, மலை அடிவாரக் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து வருகிறது, இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்குப் படத்தோடு சொல்லும் நூல் ஒன்று பள்ளி அலமாரியில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அதைக் கிழியக் கிழியப் படித்திருப்பார்கள். பூமியைக் காப்பது என்றால் என்னவென்று தம் பெற்றோரைப் பார்த்தே தெரிந்துகொண்ட பிள்ளைகள் இவர்கள். அடுத்த கல்வியாண்டில் நீங்கள் இவர்களுக்கு அழுகிற பூமி உருண்டையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனிக் கையேடு. வளாகத்துக்குள் செய்ய நீங்கள் சொல்லியிருப்பவை: சார்ட்டில் வாசகம் எழுதும் போட்டி, ஓவியப் போட்டி, கழிவிலிருந்து கைவினைப் பொருள், ஜூன் 5 அன்று மரக்கன்று நடுதல், எல்லாவற்றையும் படம் எடுத்துப் பதிவேற்றுதல். கழிவுக் கைவினை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். பள்ளிக்கு எதிரே உள்ள ஃபேன்ஸி ஸ்டோரில் புது ஐஸ் குச்சி பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தூள், பசை. வீட்டில் காலி பாட்டில் இல்லாத அம்மாக்கள் குளிர்பானம் வாங்கி, அதைக் குடித்துத் தீர்த்து, பாட்டிலைக் கொடுத்தனுப்புகிறார்கள். பரிசு வாங்கிய பூச்சாடி மறுவாரம் பள்ளிக்குப் பின்னால் மற்ற குப்பையோடு எரிகிறது. கழிவே இல்லாத இடத்தில் காசு கொடுத்துக் கழிவை உண்டாக்குகிற செயல்பாடு இது. இதற்குச் சுற்றுச்சூழல் மன்றம் என்ற பெயர் வேறு.

மரக்கன்று விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும். ஜூன் முதல் வாரம் எங்கள் பக்கத்தில் கன்று நடுகிற காலமே இல்லை, எங்களுக்கு மழை ஐப்பசியில். போதாக்குறைக்கு வந்த கன்றுகளில் பாதி கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மரம். அதை நடக் கூடாது என்று குஜராத் அரசு 2023-லேயே தடை போட்டுவிட்டது.

கண்மாய்க்கரையில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். செலவு அவ்வளவுதான்.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரு இடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்ததையெல்லாம் பட்டியல் போட்டால் போதும். அதற்காகக் கரையில் நின்றபோதுதான் பிள்ளைகள் முதன்முதலாக வாய் பேசாமல் இருந்ததை நான் பார்த்தேன். நீர்க்காகம் ஏன் சிறகை விரித்தபடி பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். அதன் இறகு தண்ணீரில் நனையும், அதனால்தான் அதனால் ஆழமாக முங்க முடிகிறது, நனைந்ததைக் காயவைக்கத்தான் அந்த உட்காரல் என்று ஆசிரியர் சொன்னார். அன்றிலிருந்து எந்தப் பறவை நனைகிறது, எது நனையவில்லை என்று பார்ப்பதே அவர்களுக்கு வேலையாகிவிட்டது. அல்லிக்குளத்தில் நடக்கும் தாழைக்கோழியின் கால்விரல் ஏன் அவ்வளவு நீளம் என்ற கேள்வியெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது.

கிணற்றுமேட்டு ஈச்சமரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளில் சில ஏன் பாதியில் நிற்கின்றன என்று இன்னொரு கேள்வி. ஆண்குருவி பாதி வரை பின்னிவிட்டுக் காத்திருக்கும், பெண்குருவி வந்து பார்த்து அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண்குருவி மீதியை முடிக்கும் என்று சொன்னதும் பெண்பிள்ளைகள் பக்கத்தில் ஒரே ஆரவாரம். கீழே விழுந்து கிடந்த கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே களிமண் அப்பியிருந்தது. அது ஏன் என்று அவர்களே ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். காற்றில் ஆடாமல் இருக்கப் பாரம் வைத்திருக்கிறது என்று எழுதியவன் வகுப்பில் வாய் திறக்காத பையன்.

எங்கள் கண்மாயிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி பிள்ளைகளுக்கு மடையையும் கலிங்கையும் காட்டினார். எந்த மடை எந்த வயலுக்கு, தண்ணீர் எவ்வளவு ஏறினால் கலிங்கில் வழியும், வழிந்தது அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் என்றெல்லாம் கரையில் நின்றே சொன்னார். பிள்ளைகள் அதை வரைபடமாகப் போட்டார்கள். வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டினால் அது எங்கே வந்து சேரும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. வரைபடத்தில் விரலை வைத்து அவர்களே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கையோடு கோழிக் கழிவு கொட்டுகிறவர் யார் என்றும் சொல்லிவிட்டார்கள், அது தனிக்கதை.

அப்புறம் கண்மாய்க்குள் இருந்த கருவேல மரங்கள் ஏலத்தில் போயின. வெட்ட ஆள் வந்த நேரத்தில் சில மரங்களில் கொக்கு கூடு வைத்துக் குஞ்சு இருந்தது. பிள்ளைகள் தங்கள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள், நாங்கள் சொல்லி அல்ல. ஏலம் எடுத்தவர் நல்ல மனுஷன். கூடு உள்ள மரங்களைக் கடைசியாக வெட்டிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். மரங்கள் பிறகு வெட்டப்பட்டன, அதில் மாற்றமில்லை. குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டப்பட்டன. உங்கள் கையேட்டில் இதைப் பதிவேற்ற எந்தக் கட்டமும் இல்லை.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் நாரைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. வனத்துறை ஆண்டுதோறும் அவர்களுக்கு இனிப்புக் கொடுத்துப் பாராட்டுகிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு வெடி வேண்டாம் என்ற புத்தி சார்ட் அட்டையிலிருந்து வரவில்லை. நத்தைக்குத்தி நாரை கூட்டில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்து வளர்ந்ததால் வந்தது.

பாதுகாப்பு என்பது உங்கள் அறிவுறுத்தலில் சொல்லப்பட்ட காரணம். அது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். கோடை விடுமுறையில் கண்மாயிலும் கிணற்றிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத ஆண்டு இல்லை. மண் அள்ளுகிறவர்கள் அளவு பார்க்காமல் தோண்டிவிட்டுப் போகிற பள்ளங்கள் தண்ணீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. கண்மாய் இப்போது எங்கள் சிறுவயதில் இருந்ததைவிட ஆபத்தானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தடையால் பிள்ளைகள் கண்மாய்க்குப் போவது நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களாகப் போகிறார்கள், பெரியவர்கள் யாரும் இல்லாமல். மீன்பிடித் திருவிழா அன்று ஊரே உள்ளே இறங்குகிறது, அவர்களும் இறங்குகிறார்கள். நின்றது எது என்றால், பள்ளம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்று நீர்பாய்ச்சி கரையில் நின்று காட்டிக்கொடுத்த அந்த நடை மட்டும்தான்.

சுற்றுச்சூழல் கல்வியை எல்லா வகுப்பிலும் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-ல். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை உருவாக்கிய தேசியப் பசுமைப் படைத் திட்டம் வந்தது 2001-ல். பிள்ளைகள் தம் சுற்றுப்புறத்தை நேரில் கண்டு, கையால் செய்து கற்க வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை. அதன் பெயரில் இயங்கும் மன்றத்துக்குச் சுற்றுப்புறத்தையே தடை செய்திருக்கிறீர்கள்.

நல்ல நூல் வேண்டுமென்றால் காசு வேண்டும் என்பீர்கள். அந்தப் பளபளப்புக் கட்டுக்கு ஆன காசே போதும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனுக்கேற்பச் சிறு நூல்கள் போட்டார்களே, மெல்லிசுத் தாள், சின்ன அளவு, எங்கள் பேச்சு. பிள்ளைகள் அதைத் தேய்த்துவிட்டார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். வழி தெரியாமல் நடந்த தேர்வு இல்லை இது. பிள்ளைகளைக் கேட்காமல் நடந்த தேர்வு.

கடைசியாக, அலமாரி. நீங்கள் அனுப்பிய கட்டு இப்போது பூட்டிய இரும்பு பீரோவில் இருக்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தால் தணிக்கையின்போது அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். புது நூலைப் பிள்ளை கையில் கொடுக்க எந்த ஆசிரியருக்குத் தைரியம் வரும்?

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வளாகத்தைத் தாண்டக் கூடாது என்ற அறிவுறுத்தலைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக நிபந்தனைகள் போடுங்கள்: பெற்றோரின் ஒப்புதல் கடிதம், கூடவே இரண்டு பெரியவர்கள், பகல் நேரம், கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்குவதில்லை. மாதம் ஒரு நடை போதும். கண்மாய் இல்லாத ஊர்களில் கோயில்காடு, தோப்பு, கடற்கரை, புறம்போக்கு எதுவாக இருந்தாலும் சரி. நடைக்கு நீர்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர், மீனவர் என உள்ளூர்க்காரர் ஒருவரை அழைக்கலாம் என்பதையும் எழுத்தில் சேருங்கள்.

அடுத்த நூல் பட்டியலில் குறைந்தது பாதி, இந்த நிலத்தின் உயிர்களையும் நீர்நிலைகளையும் பற்றியதாக இருக்கட்டும். வாங்குவதற்கு முன் மாதிரிப் படிகளைச் சில கிராமப் பள்ளிகளுக்கு ஒரு மாதம் அனுப்புங்கள். எதைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப எடுத்தார்கள் என்று கேட்டு அதன்படி முடிவெடுங்கள். தேர்வுக் குழுவில் வகுப்பில் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரும் ஊர்ப்புற நூலகர் ஒருவரும் இருக்க வேண்டும். பட்டியலையும் தேர்வுக்கான காரணங்களையும் வெளியிடுங்கள். நூல்களைப் பிளாஸ்டிக் உறையில்லாமல் அனுப்புங்கள்.

கழிவுக் கைவினைப் போட்டியை நிறுத்துங்கள். அந்த இடத்தில், ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் பார்த்து ஆண்டு முழுக்கக் குறிக்கும் வேலையைக் கொடுங்கள். சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கோடு போடாத நோட்டு மட்டும் தந்தால் போதும். கன்று நடுதலை எங்கள் பக்கத்தில் ஐப்பசிக்கு மாற்றுங்கள், கோனோகார்பஸ் அனுப்பாதீர்கள்.

சூழலியல் நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்றும், வாசித்துக் கிழிந்த நூலுக்கு ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை என்றும் ஒரு சுற்றறிக்கை போடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடே தேவையில்லை.

பதிலைக் காலாண்டு விடுமுறைக்குள் தாருங்கள். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்கு முன் அனுமதி கிடைத்தால்தான் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, மண் அள்ளிய பள்ளங்களை நீர்பாய்ச்சியோடு போய்க் கொடி நட்டு அடையாளம் வைக்க முடியும்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரக் கண்மாய் ஊர் ஒன்றின் வாசிப்பு வட்டப் பொறுப்பாளர்